நம்மவர்தானா?

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர். வடத்தைத் தொட இடமில்லாமல் கூட்டம். 'ரங்கா... ரங்கா' என்று ஊரே கத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற எதிர் வீட்டு மாமாவின் மடியிலிருந்து செல்போன் கூவியது. மணி எட்டு. மாமா சட்டென்று வடத்தை விட்டார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு திண்ணை ஓரமாகப் போய், இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து, நாலைந்து மாத்திரைகளை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அப்புறம்தான் மறுபடி வடம்.

"பெருமாள் காத்துண்டிருப்பார்டா. அக்கா காத்துண்டிருக்க மாட்டா" என்றார்.

அக்கா என்றது லால்குடியில் இருக்கும் அவருடைய மூத்த சகோதரியை. இன்னும் துல்லியமாகச் சொன்னால், மாமாவின் அடிவயிற்றில் வலது பக்கம் 2007-லிருந்து குடியிருக்கும் அக்காவின் கிட்னியை.

மாமாவுக்கு மொத்தம் மூன்று கிட்னி. இதைக் கேட்டு ஆச்சரியப்படாதவர்களை நான் பார்த்ததில்லை. கெட்டுப்போன இரண்டையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதிதை வைப்பார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. பழசு இரண்டும் முதுகுப் பக்கம் சுருங்கி, பென்ஷன் வாங்கின தாத்தாக்கள் மாதிரி சும்மா இருக்கும். புதிதை முன்பக்கம், அடிவயிற்றில் வைத்து, காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களோடு இணைத்துவிடுவார்கள். தையல் வேலை சில மணி நேரம்தான்.

தையல் சுலபம். சிக்கல் அதற்கப்புறம் ஆரம்பிக்கிறது. உடம்பு ஒரு கேள்வி கேட்கும்: 'இது நம்மவர்தானா?'

இந்தக் கேள்வியை ஸ்ரீரங்கம் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறது.

1323. டெல்லி சுல்தானியப் படை வருகிறது என்று தெரிந்ததும் உற்சவர் அழகிய மணவாளனை ஊரைவிட்டே எடுத்துப் போனார்கள். காடு, மலை, கேரளம், மேல்கோட்டை, திருப்பதி என்று சுற்றி, விஜயநகரத் தளபதி கோபண்ணன் காலத்தில், 1371-ல் பெருமாள் திரும்பி வந்தபோது நாற்பத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது. பழைய முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் மிச்சமில்லை. இடையில் வேறொரு உற்சவ மூர்த்தியும் எழுந்தருளியிருந்தார். எது நிஜம்? ஊர் குழம்பியது.

அப்போது தொண்ணூறு தாண்டிய ஒரு வண்ணாரைக் கூட்டி வந்தார்களாம். பெருமாளின் வஸ்திரங்களை வெளுத்தவர். இப்போது கண் தெரியாது. இரண்டு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர வஸ்திரத்தைப் பிழிந்த தீர்த்தத்தைக் கொடுத்தார்கள். ஒன்றை வாயில் விட்டதுமே கிழவர், 'இவரே நம்பெருமாள்!' என்றாராம். ஸ்ரீரங்கத்து உற்சவருக்கு அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது என்பது இந்த ஊர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை.

நம் ஒவ்வொருவர் ரத்தத்திலும் அப்படிக் கோடிக்கணக்கான வண்ணார்கள் இருக்கிறார்கள். வெள்ளை அணுக்கள். கண் கிடையாது. எதிரே வரும் ஒவ்வொரு செல்லையும் தொட்டு, ருசி பார்த்து, 'நம்மவர்' என்றால் விட்டுவிடும். 'இல்லை' என்றால் யுத்தம்.

இப்படி ஒரு காவல் இருக்கிறது என்றே தெரியாமல்தான் டாக்டர்கள் முதலில் கிட்னியை மாற்றிப் பார்த்தார்கள். 1933-ல் உக்ரைனின் கெர்சான் நகரத்தில் வோரனாய் என்ற சர்ஜன், பாதரச விஷம் சாப்பிட்ட ஓர் இளம் பெண்ணுக்கு, இறந்துபோன ஒருவரின் கிட்னியைத் தொடையில் வைத்தார். மனிதருக்கு மனிதர் நடந்த முதல் கிட்னி மாற்று அதுதான். ரத்த குரூப்கூடப் பொருந்தவில்லை. இரண்டாம் நாள் முடிந்துவிட்டது.

ஏன் ஒட்டவில்லை என்பதற்கு விடை கிட்னியிலிருந்து கிடைக்கவில்லை. தோலிலிருந்து கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் தீக்காயம் பட்டவர்களுக்கு அடுத்தவர் தோலை ஒட்டினால் ஏன் நிற்பதில்லை என்று பிரிட்டிஷ் அரசு கேட்டது. பீட்டர் மெடாவர் என்ற இளம் விலங்கியல் ஆராய்ச்சியாளர் கிளாஸ்கோவுக்குப் போனார். அங்கே கிப்ஸன் என்ற சர்ஜனோடு சேர்ந்து, தீக்காயம்பட்ட ஒரு பெண்ணுக்கு அவள் அண்ணனின் தோலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக ஒட்டிப் பார்த்தார்கள். சில நாள் நன்றாக இருந்து, பிறகு உதிர்ந்தது. அதே அண்ணனின் தோலை மறுபடி ஒட்டினார்கள். இந்தத் தடவை இன்னும் சீக்கிரம் உதிர்ந்தது.

மெடாவர் நிமிர்ந்து உட்கார்ந்தது இங்கேதான். இரண்டாம் தடவை ஏன் சீக்கிரம்? உடம்புக்கு ஞாபகம் இருக்கிறது! முதல் தடவை அடையாளம் பார்த்து, மறு தடவை வாசலிலேயே மடக்குகிறது. அம்மை ஒரு தடவை வந்தால் மறுபடி வராமல் காப்பாற்றுகிறதே, அதே காவல்தான் அண்ணன் தோலையும் துரத்துகிறது. 1943-ல் இது வெளியானது. 1960-ல் மெடாவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சரி, காவலை ஏமாற்ற என்ன வழி? ஒரே வழி, அது சந்தேகமே படாத ஆளைக் கூட்டி வருவது. 1954 டிசம்பர் 23, அமெரிக்காவின் பாஸ்டன். ரிச்சர்ட் ஹெரிக்குக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. ரொனால்டு அவருடைய இரட்டைச் சகோதரர். அச்சு அசல் இரட்டையர்தானா என்று நிச்சயம் செய்ய, ஒருவர் தோலை மற்றவருக்கு ஒட்டிப் பார்த்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் கைரேகைகூட எடுத்தார்கள். அங்கிருந்து விஷயம் பத்திரிகைக்காரர்களுக்குக் கசிந்துவிட்டது! ஜோசப் மரே செய்த ஆபரேஷன் வெற்றி. ரிச்சர்ட் எட்டு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். தன்னைக் கவனித்துக்கொண்ட நர்ஸையே கல்யாணமும் செய்துகொண்டார்.

உலகமே கொண்டாடியது. ஆனால் இரட்டையாகப் பிறக்காத மற்றவர்கள் என்ன செய்வது?

அடுத்த சில வருஷங்கள் மருத்துவத்தின் இருட்டுப் பக்கம். காவலை ஒழிக்க உடம்பு முழுக்க எக்ஸ்ரே பாய்ச்சிப் பார்த்தார்கள். காவல் ஒழிந்தது, நோயாளியும் ஒழிந்தார். கிட்னி வேலை செய்துகொண்டிருக்கும், ஆள் சாதாரணக் கிருமியில் இறந்துபோவார். பிறகு ரத்தப் புற்றுநோய்க்கான ஒரு மருந்திலிருந்து அசதயோப்ரின் என்ற மாத்திரை வந்தது. 1963-ல் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் அதோடு அதிக அளவில் ஸ்டீராய்டைச் சேர்த்து, ஆரம்பித்துவிட்ட நிராகரிப்பையே திருப்பி அனுப்ப முடியும் என்று காட்டினார். அதுவரை 'உடம்பு ஏத்துக்கலை' என்றால் கதை முடிந்தது. இனிமேல் அது ஒரு நெருக்கடி மட்டும்தான். சமாளிக்கலாம்.

இன்னொரு மர்மம் பாக்கி இருந்தது. சில கிட்னிகள் ஆபரேஷன் டேபிளிலேயே, ரத்தம் பாய்ந்த சில நிமிஷங்களில் நீலம் பாரித்துச் செத்துப்போயின. 1969-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பட்டேல், டெராசாகி என்ற இருவர் ஒரு எளிய சோதனையின் பலனை வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்பே, வாங்கப்போகிறவரின் ரத்த நீரையும் கொடுக்கப்போகிறவரின் செல்களையும் ஒன்றாகக் கலந்து பார். செல்கள் செத்தால் ஆபரேஷன் செய்யாதே. சோதனையில் 'ஆகாது' என்று வந்த முப்பது பேரில் 24 பேருக்குக் கிட்னி உடனே போயிருந்தது. 'ஆகும்' என்று வந்த 195 பேரில் 8 பேருக்கு மட்டுமே. கிராஸ்மேட்ச் என்று இன்றைக்கும் எல்லா ஊரிலும் செய்கிறார்களே, அது இதுதான். நம் பாஷையில் சொன்னால் ஜாதகப் பொருத்தம். ஒரு வித்தியாசம், இந்த ஜாதகம் பொய் சொல்லாது.

அக்கா, தங்கை, அண்ணன், தம்பி என்றால் பொருத்தம் எப்படி? அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி அடையாளச் சீட்டு வருவதால், கூடப்பிறந்தவர் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பாதி பொருந்த நாலில் இரண்டு. கொஞ்சமும் பொருந்தாமலிருக்க நாலில் ஒன்று. எதிர் வீட்டு மாமாவுக்கு அக்காவோடு பாதிப் பொருத்தம்.

மீதிப் பாதிக்குத்தான் மாத்திரை.

இந்தியாவுக்கு வருவோம். 1965-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் முதல் முயற்சி நடந்தது. நோயாளி நீண்ட நாள் பிழைக்கவில்லை. உயிரோடிருக்கும் உறவினரின் கிட்னியை வைத்து இந்தியாவின் முதல் வெற்றி 1971-ல், நம் வேலூர் சி.எம்.சி.யில் கிடைத்தது. சிறுநீரக மருத்துவர் ஜானி, சர்ஜன் மோகன் ராவ் குழுவினரின் சாதனை. அதன் பிறகு பல வருஷங்கள், கிட்னி என்றால் திருச்சிக்காரர்களும் தஞ்சாவூர்க்காரர்களும் துணிமணியும் கடன் பத்திரமுமாக வேலூருக்குத்தான் ரயில் ஏறினார்கள்.

வேலூர் ஆபரேஷனோடு நிற்கவில்லை. ஆபரேஷன் ஆனவர்களை வருஷக்கணக்கில் துரத்தித் துரத்திக் கணக்கெடுத்தது. யாருக்குக் கிட்னி போயிற்று, யார் இறந்தார், எதனால்? பேப்பரில் போட்டோ வராத வேலை இது. ஆனால் இந்தக் கணக்கு சொன்ன செய்தி, பாஸ்டனும் டென்வரும் சொல்லாதது.

1986 முதல் 1999 வரை அங்கே கிட்னி மாற்றிக்கொண்ட 1,251 பேரை ஆராய்ந்து, 2001-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் 166 பேருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு காசநோய் வந்திருந்தது. நூற்றுக்குப் பதிமூன்று! மேலை நாடுகளில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். ஏன் இங்கே? நம் ஊரில் நிறையப் பேருக்கு உடம்பில் டி.பி. கிருமி சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். காவல்காரன் முழித்திருக்கும்வரை அது எழுந்திருக்காது. கிட்னியைக் காப்பாற்றுவதற்காகக் காவல்காரனுக்கே தூக்க மருந்து கொடுக்கிறோம். கிருமி எழுந்துகொள்கிறது. புது மருந்தான சைக்ளோஸ்போரின் சாப்பிட்டவர்களுக்குப் பழைய மருந்துக்காரர்களைவிட டி.பி. சீக்கிரமே வந்தது என்றும் அந்தக் கட்டுரை காட்டியது.

அத்தோடு போயிற்றா? டி.பி.க்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் இருக்கிறதே, அது கல்லீரலை முடுக்கிவிட்டு, கிட்னியைக் காக்கும் மருந்தை வேகமாகக் கரைத்துவிடும். டி.பி.யைக் கொல்லப்போனால் காவல்காரன் முழித்துக்கொண்டு கிட்னியைக் கொல்வான். கிட்னியைக் காக்கப்போனால் டி.பி. ஆளைக் கொல்லும். கத்தி மேல் நடப்பது என்பார்களே, அது.

மேல்நாட்டு டாக்டருக்கு 'உடம்பு ஏத்துக்குமா' என்பது பெரிய கேள்வி. நம் டாக்டருக்கு அதோடு, 'ஏத்துக்க வைக்க எவ்வளவு அடக்கலாம், எவ்வளவு அடக்கினால் ஆபத்து' என்பது இன்னும் பெரிய கேள்வி. எதிர் வீட்டு மாமா வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் முகமூடி போட்டுக்கொண்டு நின்றபோது, 2020-க்குப் பல வருஷம் முன்பு, எல்லோரும் சிரித்தார்கள். தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், குடிக்க மாட்டார். கொல்லையில் இருந்த பம்பளிமாஸ் மரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அந்தப் பழம் மருந்தின் அளவை ரத்தத்தில் தாறுமாறாக ஏற்றிவிடும்.

சைக்ளோஸ்போரின் என்றேனே, அது வந்த கதை சுவாரஸ்யம். ஸ்விட்சர்லாந்தின் சாண்டோஸ் மருந்து கம்பெனிக்காரர்கள் லீவில் எங்கே போனாலும் ஒரு பை மண் கொண்டுவரவேண்டும். மண்ணில் இருக்கும் பூஞ்சைகளில் மருந்து கிடைக்குமா என்று தேட. நார்வேயின் ஒரு பீடபூமியிலிருந்து வந்த மண்ணில் இருந்த பூஞ்சை, காவல்காரர்களில் தாக்கும் பிரிவை மட்டும் குறிவைத்து அடக்கியது. 1972-ல் பாரல் குழுவினர் கண்டுபிடித்தார்கள். 1978-ல் இங்கிலாந்தின் ராய் கேல்ன் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை ஒரு வருஷத்தில் பாதிக் கிட்னிகள் போய்க்கொண்டிருந்த இடத்தில், எண்பது சதவிகிதம் தங்க ஆரம்பித்தன. டாக்ரோலிமஸ் வந்தது ஜப்பான் மண்ணிலிருந்து.

இன்னொரு மண், பசிபிக் கடலின் ஈஸ்டர் தீவு. 1964-ல் போன கனடாக் குழு எடுத்து வந்தது. அதிலிருந்து ராபாமைசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தவர் நம்மவர். பஞ்சாபில் பிறந்து, பனாரஸில் பார்மஸி படித்து, கனடாவுக்குப் போன சுரேந்திரநாத் சேகல். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் வேலை செய்த மான்ட்ரியால் ஆராய்ச்சிக் கூடத்தைக் கம்பெனி மூடிவிட்டது. இதையெல்லாம் தூக்கிப் போடு என்றார்கள். சேகலுக்கு மனசு வரவில்லை. கொஞ்சத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, 'சாப்பிடாதீர்கள்' என்று எழுதி, பிரிட்ஜில் வைத்துவிட்டார். வீடு மாறியபோது டப்பாவும் கூடவே பயணம் செய்தது. சில வருஷம் கழித்துப் புது முதலாளிகளிடம் பேசி மறுபடி வேலையை ஆரம்பித்தார். 1999-ல் அமெரிக்க அரசு அதைக் கிட்னி மாற்று மருந்தாக அங்கீகரித்தது. 2003-ல் சேகல் புற்றுநோயில் இறந்தார். கடைசி வருஷங்களில் தன் மருந்தைத் தானே சாப்பிட்டுப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு பேர் பாடுபட்டுக் கண்டுபிடித்த மாத்திரையை மாமா என்ன செய்தார்?

நிறுத்தினார்!

ஆபரேஷன் ஆகி எட்டு மாசம். உடம்பு தேறிவிட்டது. டயாலிசிஸ் இல்லை. தண்ணீர் அளந்து குடிக்க வேண்டாம். மாத்திரை மட்டும் மாசத்துக்கு ஆயிரக்கணக்கில் இழுத்தது. பெண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்டும் மாசம் வந்தது. 'நன்னாத்தானே இருக்கேன்' என்று இரண்டு வேளையை ஒரு வேளையாக்கினார். யாரிடமும் சொல்லவில்லை. வலி இல்லை, ஜுரம் இல்லை. இரண்டு மாசம் கழித்து ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.2-லிருந்து 2.8. டாக்டர் சட்டத்தைப் பிடித்த போலீஸ்காரர் மாதிரி முறைத்தார். கிட்னிக்குள் ஊசியை விட்டுக் கிள்ளி எடுத்துப் பயாப்ஸி. நிராகரிப்பு.

அக்கா லால்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. "ஏண்டா, நான் என்ன பழைய பாத்திரமாடா குடுத்தேன், தேய்க்காம போட்டு வெக்க?" என்றாள். அவ்வளவுதான். மாமா அன்றைக்குத்தான் செல்போனில் அலாரம் வைத்தார்.

மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி. கிரியேட்டினின் இறங்கி 1.7-ல் நின்றது. பழைய 1.2 திரும்பி வரவேயில்லை. அந்த அரைப் புள்ளிதான் மாமா கட்டிய காலேஜ் பீஸ்.

இதை மாமாவின் முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் மாத்திரை வாங்கக் காசில்லாமல் கிட்னியை இழந்தவர்கள் இந்த நாட்டில் நிறைய. நம் டாக்டர்கள் இதற்கு ஒரு கெட்டிக்காரத்தனமான வழியும் செய்தார்கள். பூஞ்சைக்கான கீட்டோகோனசோலும், பிரஷருக்கான டில்டியாசெமும் பம்பளிமாஸ் செய்கிற அதே வேலையைச் செய்யும். விலை உயர்ந்த மருந்து கல்லீரலில் கரைவதைத் தாமதப்படுத்தும். அளவு பார்த்து இதைச் சேர்த்துக் கொடுத்தால் குறைந்த மாத்திரையிலேயே காரியம் நடக்கும். இன்று நிலைமை எவ்வளவோ மேல். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் வருகிறது. அரசு மருத்துவமனைகளில் மாத்திரை இலவசம். திருச்சி அரசு மருத்துவமனையிலேயே கிட்னி மாற்று நடக்கிறது. வேலூருக்கு ரயில் ஏற வேண்டாம்.

மாமாவின் கதையில் கவனிக்க வேண்டியது, வலியே இல்லாமல் நடந்தது என்பது. கிரியேட்டினின் ஏறும்போது சேதம் ஏற்கெனவே ஆகிவிட்டது. புகை வந்த பிறகு தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுகிற மாதிரி. புகைக்கு முன்பே கண்டுபிடிக்க முடியாதா?

இந்தக் கேள்வியில் ஒரு வாழ்நாளைச் செலவழித்தவர் நியூயார்க் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் மாணிக்கம் சுதந்திரன். பெயரிலேயே தமிழ் இருக்கிறது. அவருடைய யோசனை எளிமையானது. கிட்னியைத் தாக்க வரும் செல்கள் அங்கிருந்து கழுவிக்கொண்டு சிறுநீரில் வந்து விழுமே? ஊசி போட்டுக் கிள்ளுவதற்குப் பதில் சிறுநீரில் தேடினால் என்ன? தாக்கும் செல்கள் பெர்ஃபோரின், கிரான்ஸைம் என்ற ஆயுதங்களைத் தயாரிக்கும்போது எழுதிக்கொள்ளும் ஆர்டர் சீட்டு, அதாவது ஆர்.என்.ஏ., சிறுநீரில் கிடைக்கிறதா என்று பார்த்தார்கள். கிடைத்தது. 2001-ல் உலகின் முதல்தர மருத்துவப் பத்திரிகையில் வெளியானது. 2005-ல் அதே குழுவின் தங்கமணி முத்துக்குமார் இன்னொன்றைக் காட்டினார். கலவரக்காரர்கள் மட்டுமல்ல, கலவரத்தை அடக்க வந்த சமாதானப் படையின் சீட்டும் சிறுநீரில் இருக்கிறது. அது அதிகமாக இருந்தால் சிகிச்சைக்குக் கிட்னி பிழைக்க வாய்ப்பு அதிகம்.

2013-ல் பெரிய ஆய்வு. 485 நோயாளிகள், முதல் ஒரு வருஷத்தில் 4,300 சிறுநீர் மாதிரிகள். மூன்று மூலக்கூறுகளைச் சேர்த்து ஓர் அடையாளம் தயாரித்தார்கள். பயாப்ஸியில் நிராகரிப்பு தெரிவதற்குச் சுமார் இருபது நாள் முன்பிருந்தே அந்த அடையாளம் உயர ஆரம்பித்தது. இருபது நாள்! மாமாவின் 1.2-ஐக் காப்பாற்றியிருக்கக்கூடிய இருபது நாள். ஆனால் நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் இது தவறாகவும் சொல்லிவிடும். அதனால் பயாப்ஸியை ஒழித்துக்கட்ட முடியவில்லை. இன்றைக்கும் கடைசித் தீர்ப்பு அந்த ஊசிதான்.

நிராகரிப்பைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. கொடுத்தவர் கணக்கை யார் எடுத்தார்கள்? அதுவும் தமிழ்நாட்டில்தான் எடுத்தார்கள். நமக்குப் பெருமை தராத கணக்கு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சென்னை வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்றே கிண்டலாகச் சொன்னார்கள். அவ்வளவு பேர் விற்றிருந்தார்கள். 1994-ல் மத்திய அரசு உறுப்பு விற்பனையைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. 2001-ல் ஆராய்ச்சியாளர்கள் சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைச் சந்தித்தார்கள். 96 சதவிகிதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். முக்கால்வாசிப் பேருக்குக் கடன் அப்படியே இருந்தது. குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 சதவிகிதம் பேர் உடம்பு முன்போல இல்லை என்றார்கள். 'இன்னொருத்தருக்குச் சொல்வீர்களா' என்று கேட்டதற்கு 79 சதவிகிதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள்.

பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில், கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களிடம் புரோக்கர்கள் கிட்னி பேரம் பேசிய புகார் வெடித்து, அரசு விசாரணை வைக்க வேண்டி வந்தது.

இதற்கு மாற்று வழியையும் இதே தமிழ்நாடுதான் காட்டியது. 2008 செப்டம்பரில் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை, டாக்டர்களான அவருடைய பெற்றோர் தானம் செய்தார்கள். அந்த வருஷமே அரசு, மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை வரிசைப்படி பகிர்ந்தளிக்க முறையான ஏற்பாடு செய்தது. திருச்சியிலிருந்து போலீஸ் வழிவிட, ஆம்புலன்ஸில் உறுப்புகள் பறக்கும் செய்தி இப்போது அடிக்கடி பேப்பரில் வருகிறது. கிட்னி கிடைப்பதற்கு இன்னொரு ஏழை தன் வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டியதில்லை.

போன மாசம் மாமாவோடு கோயிலுக்குப் போயிருந்தேன். பெரிய பெருமாளைச் சேவித்துவிட்டு, துலுக்க நாச்சியார் சன்னதிக்கு வந்தோம். டெல்லியில் சுல்தான் அரண்மனையில் இருந்த பெருமாள் மேல் ஆசைப்பட்டு, பின்னாலேயே ஸ்ரீரங்கம் வரை வந்து உயிரை விட்ட இளவரசி என்கிறது கதை. சிலை கிடையாது, சித்திரம்தான். அவளுக்காக இன்றைக்கும் பெருமாளுக்கு ரொட்டி நைவேத்தியம் உண்டு.

"அந்நியப் பொண்ணு. எத்தனை நூறு வருஷம் ஆச்சு? இன்னும் தினம் ரொட்டி பண்ணிண்டிருக்கா பாரு. ஒரு நாள்கூட விடறதில்லை" என்றார் மாமா.

செல்போன் கூவியது. மணி எட்டு. மாமா தூண் ஓரமாக ஒதுங்கி, டப்பாவைத் திறந்தார்.